புதன்கிழமைத் தண்ணீர்

அவைக்குத் தலைமையேற்று, பேச்சாளர் எவரும் அளவு மீறிவிடக் கூடாதே என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர், பெரியவர் கதிரேசன் ஐயா அவர்களே! வரவேற்புரையிலேயே என்னை வானளாவப் புகழ்ந்து, இனி நான் என்ன பேசினாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்படி செய்துவிட்ட செயலாளர் யேசுதாசன் அவர்களே! இந்த வட்டாரத்தில் வீடு கட்டி விற்கும் தொழிலில் பலரும் அறிந்த பொருளாளர் சுகுமார் அண்ணன் அவர்களே!

கடை திறக்கும் நேரம் தெரியும், கடை சாத்தும் நேரம் தெரியாது என்று வாழ்கிற வணிகப் பெருமக்களே! படியேறி வருகிறவர் வாங்க வந்தவரா, விலை கேட்டுவிட்டுப் போக வந்தவரா என்பதைச் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே கண்டுகொள்ளும் அனுபவசாலிகளே! எத்தனை விளம்பரம் வந்தாலென்ன, எத்தனை நடிகை சிரித்தாலென்ன, வாங்குவதா வேண்டாமா என்று கடைசியில் தீர்ப்புச் சொல்லும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

என் பெயர் ஷீலா. மேற்குத் தாம்பரத்தில் நானும் என் கணவர் டேனியலும் சின்னதாக ஒரு விளம்பர நிறுவனம் நடத்துகிறோம். மக்களிடம் போய்க் கேட்டு வருவது என் வேலை. கேட்டு வந்ததை வைத்து எழுதுவது, படம் போடுவது அவர் வேலை. எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘விளம்பரத்தில் வெல்வது ஆராய்ச்சியா, கற்பனையா?’ இந்தப் பட்டிமன்றம் எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. நடுவர்தான் இன்னும் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சி என்றால் அஞ்ச வேண்டாம். அது ஆய்வுக்கூடத்து அதிசயம் அல்ல. வாங்குகிறவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று, விற்பதற்கு முன்னால் போய்த் தெரிந்துகொண்டு வருவது, அவ்வளவுதான். கற்பனை என்றால் கட்டுக்கதை என்றும் எண்ண வேண்டாம். தெரிந்துகொண்ட ஒன்றை, கேட்டவர் மறக்க முடியாதபடி சொல்வது. இரண்டும் சேர்ந்தால் விளம்பரம். இதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் தலைவர் ஐயா கொடுத்த நேரம் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆகவே ஒரு கதை சொல்கிறேன். கதாநாயகன் இதோ என் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சுகுமார் அண்ணனிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “என் சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னும் சொல்லிடும்மா.” சொல்லிவிட்டேன், அண்ணா. உங்கள் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

என்ன சாப்பாடு என்கிறீர்களா? வருகிறேன்.

கூடுவாஞ்சேரிக்கு உள்ளே, ரயிலடியிலிருந்து சற்றுத் தள்ளி, தகப்பனார் விட்டுப்போன நிலத்தில் அண்ணன் அடுக்குமாடி ஒன்று கட்டினார். ‘நீலாம்பல்’ என்று அழகான பெயர். விளம்பரம் எங்களிடம் வந்தது. என் கணவர் உற்சாகமாக உட்கார்ந்து எழுதினார். நீச்சல் குளம், நீல வானம், நடைபாதை, பூங்கா! ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை நெடுகப் பலகை வைத்தோம். ஞாயிறுதோறும் தாம்பரத்திலிருந்து இலவச வேன், போய்ப் பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு. கூட்டம் வந்ததா? வந்தது. குடும்பம் குடும்பமாக வந்தது. பாயசத்தோடு சாப்பிட்டது. போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. கட்டி முடித்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. தகப்பன் நிலத்தை இப்படித் தரிசாகப் போட்டுவிட்டானே என்று ஊரார் சொல்லிவிடுவார்களோ என்பது அவர் கவலை.

வேன் ஓட்டுகிற அந்தோணிசாமியிடம் கேட்டேன், ஜனங்கள் வண்டியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று. “சாப்பாடு சோக்கா கீதுன்றாங்க மேடம். அதுக்கு மேல இன்னாத்த சொல்றது” என்றார். அதனால் நானே களத்தில் இறங்கினேன். கேள்வித்தாளோடு வாசலில் நின்றேன். வீடு எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறது. விலை? பரவாயில்லை. வாங்குவீர்களா? “வீட்டில் கலந்து பேசிட்டுச் சொல்றோம்.” ஒருவர் இருவர் அல்ல, வந்தவர் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். நான் அதை ‘விருப்பம் உண்டு’ என்று குறித்துக்கொண்டு, அண்ணனிடம் போய் நல்ல செய்தி சொன்னேன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான்! பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்று எழுந்து போனவர்களை எத்தனை பார்த்திருக்கிறோம்? லெட்டர் வந்ததா? சாப்பாடு போட்டவர் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? வெளிநாட்டுப் பாடப் புத்தகத்தில் இருக்கும் கேள்வித்தாள் வெளிநாட்டுக்காரனுக்குச் சரி. நம் ஊரில் வயிறாரச் சோறு போட்டுவிட்டு வாய் திறந்து கருத்துக் கேட்டால், வாழ்த்துதான் வரும். கருத்து வராது.

ஆகவே அடுத்த ஞாயிறு கேள்வித்தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன். ஆண்கள் கூடத்தைக் காலடியால் அளந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்று தலையை ஆட்டினார்கள். பெண்கள் நேரே சமையலறைக்குப் போனார்கள். குழாயைத் திறந்தார்கள். கைப்பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துத் தண்ணீர் பிடித்தார்கள். மூடினார்கள். பைக்குள் வைத்தார்கள். ஒரு அம்மா செய்தார், தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னொரு அம்மா செய்தார். பிறகு இன்னொருவர். குடிப்பதற்கோ வேறு பாட்டில் வைத்திருந்தார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே காலி பாட்டில் கொண்டுவருவானேன்?

திரும்பி வரும்போது வேனில் ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். அவர் பெயர் காமு. மேடவாக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை, வேதியியல் எடுக்கிறார், ஓய்வுபெறும் வயது. கணவர் சுப்ரமணியன் முன் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வண்டலூர்ப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

“இந்தத் தண்ணியில பருப்பு வேக வச்சுப் பார்ப்பேன். வேகலைன்னா உப்புத் தண்ணி, வீடு வேண்டாம். எங்க அப்பார்ட்மெண்ட்ல எல்லாருமே இப்படித்தான் பார்ப்பாங்க.”

தண்ணீரைச் சோதிக்கக் கருவி இருக்கிறதே டீச்சர் என்றேன். இவரிடமே ஒன்று இருக்கிறது என்று கணவரைக் காட்டினார். அது ஒரு எண்ணைச் சொல்லும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு சாம்பார் வைக்க முடியுமா என்று என்னையே கேட்டார். மேடவாக்கத்தில் பல கோடைகளை டேங்கருக்குக் காத்திருந்தே கழித்தவர் அவர். டேங்கர் வரும் சத்தம் கேட்டால் வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டதாம். “இருக்கற வீட்டை வித்து, ரிட்டையர்மெண்ட் பணத்தையும் சேர்த்துத்தான் வாங்கணும். இந்த வயசுல ஒரு தடவைதான் வாங்க முடியும், ஷீலா” என்றார். அந்த வார்த்தை என்னைத் தொட்டது. அதற்கு முன்பு அவர் எனக்கு ஒரு வாடிக்கையாளர். அதற்குப் பிறகு காமு டீச்சர்.

தாம்பரம் வந்ததும் ஓடிப்போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். என்ன எழுதியிருப்பார்? நீங்களே சொல்லுங்கள்! ஆமாம், அதேதான்! ‘உங்கள் பருப்பு இங்கே வேகும்!’ அண்ணனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். அச்சடிக்கக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. எல்லாம் சரி, நீலாம்பலில் பருப்பு வேகிறதா என்று யாரும் பார்க்கவில்லையே என்று நான் கேட்டேன்.

நானும் ஒரு பாட்டில் பிடித்து வந்திருந்தேன். குக்கரில் துவரம்பருப்பைப் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். விசில் வந்தது. மேலும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. திறந்து பார்த்தால், போட்ட பருப்பு போட்டபடி கிடந்தது. கரண்டியால் கிளறினேன், கல்லைக் கிளறுவது போலிருந்தது. என் கணவர் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். அது அழுந்தவில்லை, அவர் முகம்தான் வாடிப்போயிற்று. நீச்சல் குளத்தை எழுதினோம், நீல வானத்தை எழுதினோம். அவற்றையெல்லாம் ஒரு பிடி பருப்பு வென்றுவிட்டது!

மறுநாள் இருவரும் அண்ணனிடம் போய்ச் சொன்னோம். குறை விளம்பரத்தில் இல்லை, உங்கள் கிணற்றில் இருக்கிறது என்றோம். அண்ணன் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை, அவர் அனுமதியோடு, அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

“இதுக்குப் போய் இன்னாத்துக்கு பேஜாராவுற ஷீலாம்மா? ஜனங்க ஞாயித்துக்கெழம தானே வர்றாங்க? சனிக்கெழம சாயந்தரம் நல்ல தண்ணி டேங்கர் வுட்டு மேல் தொட்டிய ரொப்பிட்டா போச்சு. நீ போர்ட வை.”

பெரியோர்களே, எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஏன் தெரியுமா? அந்த யோசனையை அவருக்குக் கொடுத்தது யார்? நான்! பெண்கள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் நான். நான் சொல்லாதிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. மக்கள் எதை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், பொருளையும் திருத்தலாம், சோதனையையும் திருத்தலாம். பொருளைத் திருத்தினால் அது வணிகம். சோதனையைத் திருத்தினால் அதற்கு என்ன பெயர் என்று வணிகர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காமு டீச்சர் கைப்பையில் கொண்டுபோகிற பாட்டில் என் கண்முன் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரை நம்பி வீட்டை விற்றுவிட்டு வந்து, திங்கட்கிழமைத் தண்ணீரில் வாழப் போகிறாரே!

அப்போது என் கணவர் பேசினார். கவனியுங்கள், ‘உங்கள் பருப்பு இங்கே வேகும்’ என்று தன் ஆயுளிலேயே நல்ல வரியை அப்போதுதான் எழுதியிருக்கிறார். எழுதுகிறவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு வரி கிடைப்பது எவ்வளவு அரிது என்று. அவர் நிதானமாகச் சொன்னார், “அந்த வரியை நான் தரமாட்டேன் அண்ணா. வேணும்னா வேற ஒண்ணு எழுதறேன். வாரத்துல எந்த நாளும் வாங்க, சொல்லாம வாங்க, அடுப்பு இருக்கு, உங்க பருப்பைக் கொண்டு வாங்கன்னு எழுதறேன். தண்ணி சரியானதும் சொல்லுங்க.”

அந்த நிமிடம் எங்கள் வீட்டுப் பட்டிமன்றத்தில் நான் தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன். நான் ஆராய்ந்து கண்டுபிடித்தது ஏமாற்றுக்கு வழி காட்டியது. அவருடைய கற்பனை அந்த வழியை அடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிரப்புகிற தொட்டியால் ‘எந்த நாளும்’ என்ற சொல்லுக்கு ஈடுகொடுக்க முடியாதல்லவா!

ஆனால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எங்களுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். எழுந்து வரும்போது ஒன்றை மட்டும் அவரிடம் நேரிலேயே சொன்னேன். உங்கள் தொழில் ரகசியத்தை ஊருக்குத் தம்பட்டம் அடிக்க மாட்டேன், ஆனால் அந்த டீச்சர் என்னைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில நாள் கழித்து டீச்சரே தொலைபேசியில் அழைத்தார். முதலில் கொண்டுபோன தண்ணீரில் பருப்பு வேகவில்லையாம். ஆனால் அங்கே ஒரு வீட்டின் கிழக்குப் பார்த்த பால்கனி சுப்ரமணியன் சாருக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். புதுக் கிணறு என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும், இப்போது சரியாகிவிட்டது என்று நீலாம்பல் அலுவலகத்தில் சொன்னார்களாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை வந்து தண்ணீர் பிடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

நான் சொன்னது ஒரே வரி. “ஞாயித்துக்கிழமையோட விட்டுடாதீங்க டீச்சர். புதன்கிழமையும் வாங்க.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை பேருந்து பிடித்து வந்தார், ஒரு பாட்டில் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தார், இன்னொரு பாட்டில் பிடித்தார். ஒரே பருப்பு, ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. வேதியியல் ஆசிரியை அல்லவா! ஒரு கிண்ணத்தில் குழைந்த பருப்பு, ஒரு கிண்ணத்தில் கல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். தாய்மார்களே, நீங்களாக இருந்தால் அந்தப் படத்தை எங்கே அனுப்பியிருப்பீர்கள்? குடியிருப்போர் குழுவில் போட்டிருப்போம், ஊர் சிரிக்க வைத்திருப்போம். டீச்சர் அதை ஒரே ஒருவருக்கு அனுப்பினார். நேரே சுகுமார் அண்ணனுக்கு. கூடவே ஒரு கேள்வி: ‘சார், இதில் நாங்கள் குடிவந்த பிறகு வரப்போகும் தண்ணீர் எது?’

ஏசவில்லை, மிரட்டவில்லை. மரியாதையான ஒரு கேள்வி. அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். மாலையில் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். கைபேசியை என் கணவர் முன்னால் வைத்தார்.

“இன்னா பதில் போடறதுன்னு தெர்ல டேனியலு. நீ எழுதறவன் தானே, நல்லதா ஒண்ணு எழுதிக் குடு.”

என் கணவர் படத்தைப் பார்த்தார். “இதுக்கு என்னால எழுத முடியாது அண்ணா. தண்ணிதான் பதில் சொல்லணும்” என்றார்.

அண்ணன் கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு டேங்கரை நிறுத்தினார். கடின நீரை மாற்றுகிற பெரிய இயந்திரத்தை வரவழைத்துப் பொருத்தினார். மொட்டை மாடியில் விழுகிற மழையை எல்லாம் கிணற்றுக்குத் திருப்பினார். பருப்பு வெந்த பிறகு எங்களுக்குச் சொல்லியனுப்பினார். நாங்கள் பலகை வைத்தோம். நடிகை இல்லை, நீச்சல் குளம் இல்லை. ‘எந்த நாளும் வாருங்கள். சொல்லாமல் வாருங்கள். அடுப்பு இருக்கிறது, பருப்பைக் கொண்டு வாருங்கள்.’ வாசலில் ஒரு கொட்டகை, அதில் அடுப்பும் குக்கரும். செவ்வாய்க்கிழமை வந்தார்கள், வியாழக்கிழமை வந்தார்கள். பல வீடுகளில் இன்று விளக்கு எரிகிறது.

டீச்சர் வாங்கினாரா என்று அந்த ஓரத்து அக்கா கேட்கிறார். நல்ல கேள்வி.

கார்த்திகையில் வந்தார், சொல்லாமல்தான் வந்தார். தன் பருப்பைத் தானே போட்டு, அடுப்பைத் தானே பற்றவைத்தார். அண்ணன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாள் திருத்துகிற இடத்தில் நிற்கும் மாணவன் மாதிரி. டீச்சர் குக்கரைத் திறந்தார். பருப்பு மலர்ந்து வெந்திருந்தது. சுப்ரமணியன் சார் பால்கனியைப் பார்த்தார். அண்ணன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சொன்னார்:

“நல்லா வெந்திருக்கு. ஆனா இது மழைக்காலம் சார். மெஷினும் புதுசு. சித்திரையில வந்து பார்க்கிறேன்.”

சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இது மாசி மாதம். அந்த பால்கனி வீட்டை வேறு இருவர் விலை பேசினார்கள். அண்ணன் கொடுக்கவில்லை. “அது டீச்சர் பாக்கற வூடு” என்று சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த இயந்திரத்தைப் போய்ப் பார்க்கிறார். ஆள் வைத்திருக்கிறார், ஆனாலும் தானே பார்க்கிறார். கிணற்றின் மட்டத்தைத் தானே எட்டிப் பார்க்கிறார். அதிகாரிக்குப் பயந்தா? இல்லை. அபராதத்துக்குப் பயந்தா? இல்லை. மேடவாக்கத்திலிருந்து பேருந்து ஏறி, பையில் ஒரு பிடி பருப்போடு, என்றைக்கு வருவார் என்று தெரியாமல் வரப்போகிற ஒரு அம்மாவுக்குப் பயந்து! அந்த அம்மா ஒருவருக்குப் பயந்து அவர் காக்கிற தண்ணீரைத்தான் அங்கே குடியிருக்கிற எல்லோரும் குடிக்கிறார்கள்.

வணிகப் பெருமக்களே, ஆராய்ச்சி செய்யுங்கள், வாங்குகிறவர் எதைச் சோதிக்கிறார் என்று அறியுங்கள். கற்பனையால் எழுதுங்கள், அவர் மனத்தில் நிற்கும்படி எழுதுங்கள். ஆனால் எழுதிய பிறகும் அவர் வருவார்! மழையில் ஒருமுறை வந்தவர் வெயிலிலும் வருவார். சொல்லிவிட்டு வந்தவர் சொல்லாமலும் வருவார். அவர் வருகிற நாளில் உங்கள் கடையில், உங்கள் தராசில், உங்கள் குழாயில் வருவது புதன்கிழமைத் தண்ணீராகவே இருக்கட்டும். அது நல்ல தண்ணீராகவும் இருக்கட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்த தலைவர் ஐயாவுக்கும், தன் கதையைத் தன் எதிரிலேயே சொல்ல இடம் கொடுத்த சுகுமார் அண்ணனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அண்ணா, சித்திரைக்கு என் வாழ்த்துகள். வருகிறேன், வணக்கம்.